இயற்றியவர் பெயர் தெரியவில்லை

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாட்டை யாராவது போட்டுவிட்டால் போதும், காது சோதனை நிலையத்தின் பின்னறை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அன்றும் வரவேற்பு மேசைப் பெண் தன் கைபேசியைத் தண்ணீர் ஜாடியின்மேல் சாய்த்து வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். கிட்டார் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு டிரம்ஸ் கதவை இடித்துக்கொண்டு நுழைகிற மாதிரி நுழைந்தது. அதற்கும் மேலே அந்தக் குரல் ஏறி நின்றது. காதுக் கருவிகளுக்கு அச்சு எடுக்கும் அச்சுக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“அம்மா தாயே, நாள் முழுக்க காது கேக்காதவங்களோட மாரடிக்கிறேன். சாப்பிடுற அரை மணி நேரமாவது எனக்கும் கேக்காம இருக்கக் கூடாதா?”

“உங்களுக்கு ரசனை இல்லன்னு சொல்லுங்க சார். பாட்டைக் குறை சொல்லாதீங்க.”

“பாட்டா இது? முன்னூறு வருஷத்துப் பாட்டைப் புடிச்சிக் கட்டிப்போட்டு, ஒயரைச் சொருகி, கரண்ட் குடுத்து அலற விட்டிருக்காங்க புருஷனும் பொண்டாட்டியும். அந்தம்மா சுருதிக்கு மேல ஏணி போட்டு நின்னு பாடுது. நெட்டுல கூர்ங்காது எழுதியிருந்தானே, படிச்சியா? ரெண்டாவது நிமிஷம், பதினாலாவது செகண்டு. நானும் போட்டுக் கேட்டேன். அப்படியே இருக்கு.”

“வந்துட்டான் கூர்ங்காது. வயித்தெரிச்சல் புடிச்ச பய. அது வலி சார். சுருதி பாத்துக்கிட்டா வலி வரும்?”

“அப்ப பல்லு வலிக்காரங்களை எல்லாம் மேடை ஏத்த வேண்டியதுதான்.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவள்தான் அந்த நிலையத்தில் காதுகளைச் சோதிப்பவள். தீர்ப்பு அவளிடமிருந்துதான் வர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதும், அவள் வாயில் இருப்பதை நிதானமாக மென்று முடித்து “எனக்குப் பாட்டெல்லாம் பழக்கம் இல்லீங்க” என்று சொல்வதும் வாடிக்கையாகிவிட்டது. அன்றும் அதையே சொன்னாள். டப்பாவைக் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டாவது நிமிஷம் பதினாலாவது செகண்டு வந்து போனது. அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி தேய்த்தது.

பாடுகிறவள் அவளுடைய அக்கா. கிட்டார் வாசிப்பவன் அக்காவின் புருஷன். வீட்டில் அவர்களுடைய அம்மா கடைசிவரை இவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிட்டாள். சின்னவளுக்கு முப்பத்து மூன்று வயதாகியும் மனதுக்குள் அவள் பெயர் அதுவாகவே இருந்தது. ஜோடி என்று ஊரே கொண்டாடுகிற அந்த இரண்டு பேர் ஒரு காலத்தில் மூன்று பேராக இருந்தார்கள். மூன்றாவது ஆள் சின்னவள். அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த அன்று, மருத்துவமனை நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் விரலால் தட்டித் தட்டி, ஏழு மணி நேரத்தில் ஒரு பாட்டைக் கட்டியவளும் அவள்தான். ‘நட்டாத்துல நிக்கிறேனே, எனக்கு அக்கரை எந்தக் கரை?’ என்று ஆரம்பிக்கிற பாட்டு. படுக்கையில் கிடந்த அம்மாவை யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிலையான வேலையும் யாராவது ஒருத்தி தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த யாராவது எப்படித் தன் பெயரானது என்று சின்னவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் காது படிப்பு படிக்கப் போனாள். அவர்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

போனால் போகட்டும் என்றுகூட விட்டிருப்பாள். இசைத்தட்டு வந்தபோது, எல்லாப் பாட்டுக்கும் பெயர் போட்டிருந்த அட்டையில் அவளுடைய பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: மரபுப் பாடல், இயற்றியவர் பெயர் தெரியவில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியை, பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற ஒருத்தியை, ஒரே வரியில் முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அந்தப் பாட்டுதான் அவர்களைத் தூக்கிவிட்டது. இணையத்தில் அதன் கீழேதான் ஜனம் இரண்டாகப் பிரிந்து கட்டிப் புரண்டது. முன்னோர்களின் சொத்தை ராக் ஆக்கி நாசம் பண்ணிவிட்டார்கள் என்று ஒரு பக்கம். செத்துக்கிடந்த பாட்டுக்கு உயிர் கொடுத்தார்கள் என்று இன்னொரு பக்கம். ஒரு ஆராய்ச்சிக்காரர் சொல் வழக்கை வைத்து அதன் காலத்தை முன்னூறு வருஷம் என்று கணித்து நீண்ட கட்டுரையே எழுதினார். சின்னவள் ஒரே ஒருமுறை தன் சொந்தப் பெயரில், இது நான் எழுதிய பாட்டு என்று போட்டாள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில் வந்தது. ‘அப்போ உங்களுக்கு முன்னூறு வயசா? உடம்பைப் பாத்துக்கங்க’ என்று ஒருவன் எழுதியிருந்ததற்கு இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்திருந்தார்கள். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அவளை விரட்டுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

அன்றைக்கு அவளுடைய புனைபெயராகப் பிறந்தவன்தான் கூர்ங்காது. ஆறு வருஷமாக அவனை வளர்த்து ஆளாக்கியிருக்கிறாள். கூர்ங்காது திட்ட மாட்டான், கொச்சையாக ஒரு வார்த்தை பேச மாட்டான். நிமிஷம், செகண்டு, எந்த இடத்தில் குரல் விலகுகிறது, எவ்வளவு விலகுகிறது, அவ்வளவுதான். ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்குக் கோடாலி எதற்கு? முதல் நான்கு வருஷம் அவன் கண்டுபிடித்ததெல்லாம் நூல் அளவு குறைகள். சிலதை இழுத்துப் பெரிதாக்கியும் இருந்தான். ஆனால் கடைசி இரண்டு வருஷமாகக் குறை நிஜமாகவே இருந்தது. மேடையில் பாடும்போதெல்லாம் பெரியவளின் குரல் சுருதியைவிட மயிரிழை ஏறி நின்றது. ஒரே அளவு ஏற்றம், பாட்டு முழுக்க. ரசிகர்கள் அதற்கும் பொருள் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்றம்தான் அழுகை என்றார்கள்.

வியாழக்கிழமை கடைசி நோயாளியாக, முகக்கவசமும் தலையில் துணியும் சுற்றிக்கொண்டு ஒருத்தி வந்தாள். வரவேற்பு மேசைப் பெண் ஒரு காதில் பாட்டு ஓட, நிமிர்ந்து பார்க்காமலே வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பினாள். அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது எதிரே நின்றவளின் குரல்தான். சோதனை அறையின் கதவு சாத்தியதும் வந்தவள் துணியை அவிழ்த்தாள்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. அம்மா போன அன்று கூடத்தின் இரண்டு ஓரங்களில் நின்றபடி பார்த்துக்கொண்டதுதான் கடைசி. பேசி ஆறு வருஷம்.

“வேற இடமே கிடைக்கலையா?”

“கிடைக்கும். சாயங்காலத்துக்குள்ள எல்லார் ஃபோன்லயும் வந்துடும். நீ வெளிய சொல்ல மாட்டே.”

“அப்படியா?”

“நீ எதைத்தான் வெளிய சொல்லியிருக்கே? சின்ன வயசுலேர்ந்தே அமுக்கம்தானே நீ.”

சின்னவள் விண்ணப்பத் தாளை நேராக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

“என்ன பண்ணுது?”

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டாள். “இடது காதுல ஒரு இரைச்சல். ரெண்டு வருஷமா இருக்கு. அவர்கிட்டச் சொன்னேன், தூங்கினாச் சரியாப் போயிடும்னாரு. அப்புறம்… ஒருத்தன் எழுதுறான்டி. கூர்ங்காதுன்னு. எல்லாரும் அவனைத் திட்டுவாங்க. நானும் திட்டினேன். ஒரு நாள் தனியா உக்காந்து அவன் சொன்ன இடத்தையெல்லாம் போட்டுக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல. சரியாத்தான் இருந்துச்சு. அதுதான் பயமா இருக்கு. அவன் பொய் சொல்றவன் மாதிரி தெரியல. அப்ப எனக்குத்தானே கேக்கல?” நிறுத்தினாள். “ஞாயித்துக்கெழமை ஏரிக்கரை மைதானத்துல நிகழ்ச்சி. இருபதாயிரம் பேர். நேரடி ஒளிபரப்பு. அங்க தப்பாச்சுன்னா அவ்வளவுதான்.”

ஆறு வருஷமாக எய்த அம்பு போய்ச் சேர்ந்த இடத்தைச் சின்னவள் முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. காதோரத்தில் நரை. சந்தோஷப்பட்டாளா என்றால், பட்டாள். அதை அவள் தனக்குள் மறைக்கவும் இல்லை.

ஒலிபுகா அறையின் கனத்த கதவுகள் இரண்டும் சாத்தப்பட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவள், தலையில் ஹெட்போன், கையில் பொத்தான். இந்தப் பக்கம் சின்னவள், அவள் முன்னால் கருவி. சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காது பழுதில்லை. இடது காதில் மேல் ஸ்தாயிகளுக்குப் போகப் போகப் பெரியவள் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் இன்னும் வராத சத்தத்துக்காகப் பணிவாகக் காத்துக்கொண்டிருந்தது. டிரம்ஸுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் நின்ற காது அப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகு சின்னவள் ஒரு சின்னச் சோதனை செய்தாள். ஒரே ஸ்வரத்தை முதலில் வலது காதில் கொடுத்தாள், பிறகு இடது காதில்.

“எதுக்கு ரெண்டு வேற வேற ஸ்வரம் குடுக்கிறே?” ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. “ரெண்டாவது கொஞ்சம் ஏத்தமா இருக்கே.”

கொடுத்தது ஒன்றுதான். சின்னவள் மறுபடி கொடுத்தாள். மறுபடியும் இரண்டாவது ஏற்றம் என்றாள் பெரியவள். அடிபட்ட காது சில சமயம் அப்படிச் செய்யும், ஸ்வரத்தையே கொஞ்சம் தூக்கிக் காட்டும். சின்னவள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

“மேடையில கிட்டார் கேக்கிறதுக்கு மானிட்டர் எந்தக் காதுல மாட்டுவே?”

“இடதுல. வலதைத் திறந்து விட்டுடுவேன். கூட்டத்தோட சத்தம் கேக்கணும், இல்லன்னா பாட வராது.”

அவ்வளவுதான் விஷயம். கெட்டுப்போன காதுக்குள் கிட்டாரை வாங்கி, அது தூக்கிக் காட்டுகிற உயரத்துக்குத் தன் குரலைத் தூக்கிப் பாடிக்கொண்டிருக்கிறாள். மானிட்டரை இந்தக் காதிலிருந்து எடுத்து அந்தக் காதில் வைத்தால் தீர்ந்தது. ஒரு வாக்கியம். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

“நான் ஒரு சுருதி தரேன். அதுக்குப் பாடு.”

“எதைப் பாடட்டும்?”

“எதையாவது.”

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் பாடினாள். இடது காதில் சுருதி. கருவியின் திரையில் அவள் குரலின் கோடு சுருதிக் கோட்டுக்கு மேலே, ஒரே சீராக, மயிரிழை இடைவெளியில் ஓடியது. கூர்ங்காது சொன்னபடியே. முதல் அடி முடிந்ததும் சின்னவள் சுருதியை வலது காதுக்கு மாற்றினாள். “இன்னொரு தடவை” என்றாள்.

இரண்டாம் முறை திரையில் குரலின் கோடே தனியாகத் தெரியவில்லை. குரல் சுருதியின்மேல் படிந்துபோயிருந்தது. டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, கைதட்டல் இல்லை. நட்டாற்றில் நிற்கிற அந்தப் பெண், மருத்துவமனை நடைவழியில் சின்னவள் மனதில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள். அக்கரை எது என்று கேட்டாள். பதிலை எதிர்பார்க்காமல் அந்த ‘எந்தக் கரை’யைக் கீழே இறக்கி வைத்தாள். தான் கட்டிய பாட்டைச் சின்னவள் குறை தேடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. இவள் ஒருத்தியால்தான் இதை இப்படிப் பாட முடியும் என்று தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் ஆறு வருஷம் செகண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோமோ என்று பட்டது. அவள் விரல் பேசும் பொத்தானுக்குப் போனது. காதை மாத்து அக்கா, அவ்வளவுதான்.

பெரியவள் கண்ணைத் திறந்தாள். ஈரமாக இருந்தது.

“அம்மா பாடுற மாதிரியே இருக்குல்ல?”

விரல் நின்றது.

“அம்மா எப்பப் பாடினா?”

“என்னடி கேக்கிறே? நாம சின்னதா இருக்கறப்ப, சமையல்கட்டுல நின்னுக்கிட்டு. பேட்டியில எல்லாம் சொல்லியிருக்கேனே. நீ மறந்துட்ட. உனக்கு அப்ப அஞ்சு வயசுகூட இருக்காது.”

அம்மாவுக்குப் பாட்டே ஆகாது. ரேடியோவை அணைக்கிற கை அது. பேட்டிகளில் படித்தபோதெல்லாம் அதை ஊருக்குச் சொல்கிற பொய் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். சின்னவள் கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தை மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். ஒரு சின்ன நெளிவு, ஒரு கள்ளப் பார்வை, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடினாள். எதுவும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. எடுத்தவள் எங்கேயாவது ஒளித்து வைத்திருந்தால் என்றாவது ஒரு நாள் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இவளோ அதைக் கொண்டுபோய் இல்லாமல் போனவளின் வாயில் வைத்துவிட்டாள். இனி யாரிடம் கேட்பது?

“எது சரியா இருந்துச்சு?” பெரியவள் கேட்டாள். “முதல்ல பாடினதா, ரெண்டாவதா? எனக்கு ரெண்டுமே சரியாத்தான் இருந்துச்சு. நீ சொல்லு. உன் காதை நான் நம்புறேன்.”

ஒலிபுகா அறையின் மௌனம் வேறு மாதிரியானது. அதில் உட்கார்ந்தால் தன் ரத்தம் ஓடுவதே கேட்கும் என்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அன்றைக்கு அது கேட்டது. சின்னவள் அவசரப்படவில்லை. ஒரு வரி சின்ன எழுத்தில் அச்சாக எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

“முதல்ல பாடினது.”

“நிஜமா?”

“சுத்தமா இருந்துச்சு. எதையும் மாத்தாதே. மானிட்டர் இடதுலயே இருக்கட்டும்.”

பெரியவள் மூச்சு விட்டது ஒலிபெருக்கியில் புயல் மாதிரி வந்தது. வெளியே வந்து தங்கையின் தோளை ஒரு தடவை அழுத்தினாள். “அந்தக் கூர்ங்காதைப் போய் நம்பினேன் பாரு” என்று சிரித்தாள். சின்னவள் அறிக்கையில் இடது காதின் கேட்கும் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதினாள். மருத்துவரைப் பார்க்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் எழுதினாள். அந்தச் சின்னச் சோதனைக்கு உரிய கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஏரிக்கரை மைதானத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்திருந்தாள். சின்னவள் வழக்கத்துக்கு மாறாக உடனே சம்மதித்தது அவளுக்கு ஆச்சரியம். அச்சுக்காரரும் வந்திருந்தார்.

“ரசிக்க வரல, தெரிஞ்சுக்க. சாட்சி சொல்ல வந்திருக்கேன். நாளைக்கு நீ பேச வாயே திறக்கக் கூடாது.”

“சார், உங்க காதுக்கும் ஒரு அச்சு எடுத்து அடைச்சுக்கிட்டு வந்திருக்கலாம்.”

மேடையில் ஜோடி வந்து நின்றது. கூட்டம் எழுந்தது. சின்னவள் பெரிய திரையில் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள். மானிட்டர் இடது காதில்தான் இருந்தது. சொன்னதைத் தட்டாமல் செய்திருக்கிறாள். அக்கா தன் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். மருந்து குடிக்கப் போகிற நோயாளியைப் பார்ப்பது போலச் சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்குக் கூர்ங்காது எழுத வேண்டியதில்லை. இருபதாயிரம் பேரும் எழுதுவார்கள்.

நான்காவதாக அந்தப் பாட்டு வந்தது. முதல் அடியிலேயே குரல் ஏறி நின்றது. மயிரிழை அல்ல, இன்று பயம் போன தைரியத்தில் விரற்கடை அளவு. கிட்டார் கீழே ஓட, குரல் அதன்மேல் உட்காராமல் அந்தரத்தில் நின்றது. சின்னவளின் பல் கூசியது. இதோ, இப்போது, என்று காத்திருந்தாள். முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அது கேலியா கொண்டாட்டமா என்று தெரியவில்லை. இரண்டாம் அடியில் பெரியவள் கையை விரித்துக் கூட்டத்தைப் பாடச் சொன்னாள். மைதானம் பாடியது. கிட்டாரின் சுருதியில் இல்லை. அவளுடைய சுருதியில், அந்த ஏற்றத்தில், அத்தனை வாயும் சேர்ந்து. அச்சுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

சின்னவள் வாயைத் திறந்தது அவளுக்கே தெரியாது. நட்டாத்துல நிக்கிறேனே என்று, அந்த நடைவழியில் கட்டிய இடத்தில், சரியான இடத்தில் அவள் குரல் நின்றது. பதினோரு வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுப் பாடியதில்லை. சத்தமாகவே பாடினாள். சுற்றிலும் இருந்த குரல்களோடு அது உரசியது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வரவேற்பு மேசைப் பெண் அவள் தோளைத் தொட்டாள். அழுது முடித்த முகத்தில் சிரிப்பு இருந்தது. காதருகில் குனிந்து, “மேடம், நீங்க கொஞ்சம் இறங்கிப் பாடுறீங்க. இன்னும் கொஞ்சம் மேல” என்றாள். பழக்கம் இல்லாதவருக்குச் சொல்லித்தருகிற பொறுமையோடு உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே மெல்ல உயர்த்திக் காட்டினாள்.

சின்னவள் பாட்டை நிறுத்தவில்லை. அந்த உள்ளங்கை அவள் குரலுக்காகக் காத்து, வெயிலில் இன்னும் கொஞ்சம் மேலே போனது.